பெட்டிக்குள் இருப்பது யாருடைய பேனா?

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய தாத்தா ஊர்க் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1984-ல் காலமானார். அப்பா தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர், எட்டு மாதங்களுக்கு முன்பு காலமானார். இருவருமே உயில் எழுதவில்லை. இப்போது இருப்பது அம்மா, அண்ணன், இந்தச் சகோதரி. கும்பகோணத்தில் ஓர் அத்தை, அப்பாவின் தங்கை. வீட்டைக் காலி செய்தபோது பரணில் தாத்தாவின் கணக்குப் பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே ஆறு பேனாக்கள், மையில் தொட்டு எழுதும் கட்டைப் பேனா மூன்று, பாதி காலியான நிப் டப்பா, பித்தளை மைக்கூடு, இரண்டு எழுத்தாணிகள், ஒரு கட்டு ஓலைச்சுவடி.

அண்ணனுடைய யோசனை, நிப்பெல்லாம் தங்கம், கழற்றி நகைக்கடையில் எடை போட்டுப் பிரித்துக்கொள்ளலாம் என்பது. பழைய சாமான் வியாபாரி ஒருவர் பெட்டியோடு எல்லாவற்றுக்கும் 15,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து பொங்கலுக்கு வரும் அண்ணன் மகன், எழுத்தாணிகளைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போய் அங்கே நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன் என்கிறார். சகோதரி எழுதுகிறார்: "நான் கல்யாணமாகிப் போனவள். இதில் பேச எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஆனாலும் அப்பா சட்டைப் பையில் இருந்த பேனா அதில் இருக்கிறது, மனசு கேட்கவில்லை. இவை என்ன, என்ன விலை பெறும்? நூறு வருஷப் பொருளை வீட்டில் வைத்திருந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா? யாரிடமாவது காட்டுவதற்கு முன் புளி போட்டுத் தேய்த்துவிடவா? அப்பாவின் பேனாவில் மறுபடி எழுதலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. புளி வேண்டாம். சாம்பல், பாலிஷ், வெந்நீர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை பெட்டி இருந்தபடியே இருக்கட்டும்.

அடுத்து, உங்களுக்கு உரிமை இல்லை என்று நீங்களே எழுதியிருப்பது. இது தவறு. குடும்பச் சொத்து வழக்குகளில் நான் அடிக்கடி பார்ப்பது, சட்டம் கொடுத்த உரிமையைப் பெண்கள் தாங்களே விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துவதுதான். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஓர் ஆணின் சொந்தச் சொத்து அவருடைய மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். மகளுக்குத் திருமணம் ஆனதா இல்லையா என்று சட்டம் கேட்பதே இல்லை. வீடு, நிலம் மட்டுமில்லை, பேனாவும் பெட்டியும்கூடச் சொத்துதான். ஆகவே அப்பாவுக்குச் சொந்தமான பொருள்களில் அம்மாவுக்கு ஒரு பங்கு, அண்ணனுக்கு ஒரு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கு. உங்கள் இருவருடைய சம்மதம் இல்லாமல் அண்ணன் அவற்றை விற்க முடியாது.

ஆனால் இங்கே நீங்கள் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பெட்டியில் இருப்பதெல்லாம் அப்பாவுடையதுதானா? தாத்தா 1984-ல் உயில் இல்லாமல் இறந்தார். அப்படியானால் அவருடைய பொருள்களில் அன்றே உங்கள் அத்தைக்கும் பங்கு வந்துவிட்டது. பெட்டி உங்கள் வீட்டுப் பரணில் இத்தனை வருடம் இருந்ததாலேயே அது அப்பாவுடையது ஆகிவிடாது. வழக்கு என்று போனால் காலக்கெடு போன்ற கேள்விகள் எழும், அது வேறு. ஆனால் வழக்குவரை போக வேண்டிய விஷயமே இல்லை இது. அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். பங்குக்காக மட்டும் சொல்லவில்லை. எந்தப் பேனா யாருடையது, எப்போது வந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இன்று அவர்தான். அந்தத் தகவல் பங்கு பிரிப்பதற்கும் வேண்டும், விலை மதிப்பதற்கும் வேண்டும்.

ஒரு பழைய பேனா எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் அது யாருடையதாக இருந்திருக்கும் என்று தெரியும். அது தெரிந்த பிறகுதான் விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற பேச்சே. உங்கள் வீட்டில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. விலையில் ஆரம்பித்திருக்கிறீர்கள்.

பேனாக்களை அடையாளம் காண்பது

நீங்கள் அனுப்பிய படங்களையும், எழுத்துகளைப் பார்த்துக் குறித்தனுப்பியதையும் வைத்துச் சொல்கிறேன். கையில் வாங்கிப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், பெரும்பகுதி தெளிவாகவே இருக்கிறது.

கறுப்பாக இருந்து பழுப்பேறிய பேனா, பக்கவாட்டில் சின்ன நெம்புகோல், அடிப்பக்கத்தில் 52 என்ற எண், உடலில் வாட்டர்மேன் என்ற பெயர். பெட்டியில் பழமையான மைப் பேனா அநேகமாக இதுதான். அந்த எண் சும்மா போட்டதில்லை. வாட்டர்மேன் கம்பெனி அந்தக் காலத்தில் எண்ணிலேயே பேனாவைச் சொல்லிவிடும். 5 என்றால் நெம்புகோலைத் தூக்கி மை நிரப்பும் வகை, 2 என்றால் நிப்பின் அளவு. அதற்கு முன்னால் 4 சேர்ந்து 452 என்று இருந்தால் உடலுக்கு மேல் வெள்ளி வேலைப்பாடு, 552 என்றால் தங்க வேலைப்பாடு. உங்களுடையது சாதாரண 52, ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் கெட்டியாக்கிய எபோனைட்டில் செய்தது. கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கந்தக வாடை அடிக்கும். பழுப்பேறியிருப்பது அழுக்கு இல்லை. வெளிச்சமும் ஈரமும் பட்டு எபோனைட் அப்படி நிறம் மாறும். இதை வெந்நீரில் போட்டால் மிச்சமிருக்கும் கறுப்பும் போய்விடும். இந்த வகை 1910களின் நடுவில் தொடங்கி 1920களில் பரவலாக விற்றது. உங்கள் அப்பா பிறப்பதற்கு முந்தைய காலம். ஆகவே இது தாத்தாவுடையது என்று கொள்ள நல்ல காரணம் இருக்கிறது.

சிவப்புக் கலந்த கருநிறம், தங்க நிற மூடி, நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும் பேனா பார்க்கர் 51. இது தாத்தா 1935-ல் வாங்கியது என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது நடந்திருக்க முடியாது. 1888-ல் தொடங்கிய பார்க்கர் கம்பெனியின் 51-ம் ஆண்டான 1939-ல் உருவானதால்தான் அந்தப் பெயர். கடைகளுக்கு வந்தது 1941-ல். அது மட்டுமில்லை. உடலைத் திருகிக் கழற்றினால் உள்ளே உலோக உறையும் அழுத்துகிற பட்டையும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதிரி மை நிரப்பும் அமைப்பு 1948-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய 51-ல் அடிப்பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றி உள்ளேயுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஆக, உங்கள் கையில் இருப்பது 1948-க்குப் பிந்தையது. இந்த மாடல் 1970களின் தொடக்கம்வரை தயாரானது. உடலில், மூடி வந்து சேரும் வளையத்துக்குப் பக்கத்தில், மிகச் சிறிய எழுத்துகள் இருக்கும். செல்போன் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அமெரிக்காவில் செய்ததா இங்கிலாந்தில் செய்ததா என்று தெரியும். அமெரிக்கப் பேனா என்றால், 1950களின் தொடக்கம்வரை, அதில் ஓர் இலக்கம் ஆண்டைக் காட்டும்.

இதனால் என்ன ஆகிறது? அப்பா 1964-ல் வேலைக்குச் சேர்ந்தார் என்கிறீர்கள். இந்தப் பேனா அவர் காலத்தில், அவருக்காகவே வாங்கியதாக இருக்கலாம். நீங்கள் சட்டைப் பையில் பார்த்த பேனாவும் இதுதானே? அப்படியென்றால் அத்தைக்கு இதில் பங்கு இல்லை, உங்கள் மூவருக்கும்தான். தாத்தா வாங்கி மகனுக்குக் கொடுத்தது என்றாலும், கொடுத்த அன்றே அது அப்பாவுடையதாகிவிட்டது. மாறாக, தாத்தா கடைசிவரை தாமே வைத்திருந்தார் என்று அத்தை சொன்னால் கணக்கு மாறும். ஒரு பேனாவின் மை நிரப்பும் அமைப்பு பாகப்பிரிவினையில் சாட்சி சொல்வது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பார்க்கர் மாதிரியே இருக்கும் மற்ற இரண்டும் ஹீரோ. மூடியில் சீன எழுத்தும் பெயரும் தெளிவாகத் தெரிகின்றன. பார்க்கர் 51-ன் வடிவத்தைப் பின்பற்றிச் சீனாவில் ஏராளமாகச் செய்தவை. நம் ஊரில் ஒரு தலைமுறை பரீட்சை எழுதியதே இதில்தான். சந்தையில் இவற்றுக்குப் பெரிய விலை இல்லை.

கையால் கடைந்த, தடித்த கறுப்புப் பேனாவில் ரத்தினம், ராஜமுந்திரி என்று வெட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெட்டியில் என் மனசைக் கவர்ந்தது இதுதான். கே.வி. ரத்தினம் ராஜமுந்திரியில் 1932-ல் தொடங்கிய பட்டறை அது. சுதேசிப் பேனாவாக அவர் செய்தனுப்பியதைப் பெற்றுக்கொண்டு காந்தி 1935-ல் அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பேனாக்களில் நெம்புகோல் கிடையாது, சொட்டுக்குழாயால் நேராக உடலுக்குள் மை ஊற்ற வேண்டும். வெளிநாட்டுப் பேனாவுக்கு இருக்கிற மாதிரி மாடல் பட்டியலும் ஆண்டுக் குறியீடும் இவற்றுக்கு இல்லாததால், காலத்தைச் சொல்வது கடினம். இங்கேதான் ஒரு ரசீதோ, பழைய புகைப்படமோ, அத்தையின் ஞாபகமோ பெரிய உதவி செய்யும். கணக்குப்பிள்ளையின் பழைய காகிதங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தாள் தாளாகப் பாருங்கள்.

ஆறாவது பேனாவை நீங்கள் ஜெர்மன் பேனா என்று நினைத்து மற்றவற்றைவிட உயர்வாக வைத்திருக்கிறீர்கள். நிப்பில் 'இரிடியம் பாயின்ட் ஜெர்மனி' என்று மட்டும் இருக்கிறது, கம்பெனி பெயர் எதுவுமில்லை. இது எங்கே செய்த மலிவுப் பேனாவிலும் பொருத்துகிற எஃகு நிப்பு. பேனாவும் சமீபத்திய பத்தாண்டுகளைச் சேர்ந்தது. வருத்தப்பட வேண்டாம், அதில் தாராளமாகப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும்.

கட்டைப் பேனாக்களும் நிப் டப்பாவும் பெரிய விலை பெறா. எஃகு நிப்புகளை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் மலை மலையாகச் செய்து உலகுக்கெல்லாம் அனுப்பியது. டப்பாவின் மேல் லேபிள் கிழியாமல் இருந்தால் அதையும் சேர்த்தே வையுங்கள். நிப்பைவிட டப்பாவை விரும்புகிறவர்கள் உண்டு.

தங்கம் பற்றி

அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வாட்டர்மேன், பார்க்கர் நிப்புகள் 14 காரட். நூற்றுக்கு 58.5 பங்குதான் தங்கம். இந்த அளவு நிப்பு ஒரு கிராம்கூட இருக்காது. அரை கிராம் என்று வைத்துக்கொண்டாலும் சுத்தத் தங்கம் 0.3 கிராமுக்கும் குறைவு. அதில் நகைக்கடைக்காரர் சேதாரம் கழிப்பார். பார்க்கரின் தங்க நிற மூடி கட்டித் தங்கம் இல்லை. வேறு உலோகத்தின் மேல் தங்கத் தகடு ஒட்டிச் செய்தது. மூடியில் 1/10, 12 கே என்பது போன்ற குறி இருந்தால், எடையில் பத்தில் ஒரு பங்கே 12 காரட் தங்கம் என்று பொருள். இவ்வளவு சின்னத் தொகைக்காக நிப்பைக் கழற்றினால், மிச்சமாகும் பேனாவை வாங்க ஆளே இருக்காது. நிப்பில்லாத பழைய பேனா உதிரிப்பாகம்தான்.

மதிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும்

எவ்வளவு பழசோ அவ்வளவு விலை என்ற நினைப்பு உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. பேனா விஷயத்தில் அது சரியில்லை. பார்க்கர் 51 லட்சக்கணக்கில் விற்ற பேனா. நன்றாக உழைத்ததால் இன்றும் நிறையவே இருக்கின்றன. அரிதான நிறமோ மூடியோ இல்லாவிட்டால் அது நல்ல, நியாயமான விலைக்குப் போகும். லட்சங்களுக்குப் போகாது. நீங்கள் இணையத்தில் பார்த்த தொகை ஒருவர் கேட்கிற விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பதே கேள்வி. ஏல இணையதளங்களில் விற்று முடிந்தவை என்று தனியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கும். அதே மாடல், அதே நிறம், ஓடுகிற நிலையிலா பழுதாகவா என்று பொருத்தி, சில விற்பனைகளைப் பார்த்தால் ஓரளவு உண்மை விலை பிடிபடும். வெளிநாட்டு விலையை அப்படியே ரூபாயாக மாற்றி நம்பாதீர்கள். அங்கே விற்றவர் பழுது பார்த்து, சோதித்து, உத்தரவாதம் கொடுத்து விற்றிருப்பார்.

வாங்குகிறவர் பார்ப்பது இவற்றைத்தான். உடலில் வெட்டிய எழுத்துகள் தேயாமல் படிக்கும்படி இருக்கிறதா? மூடியின் வாயில் மயிரிழைக் கீறல் உண்டா? நெம்புகோலிலும் கிளிப்பிலும் முலாம் தேய்ந்து அடி உலோகம் தெரிகிறதா? நிப்பு அந்தப் பேனாவுக்கே உரியதா, பிறகு மாற்றியதா? நிப்பின் நுனியில் இருக்கும் கடினமான உலோகப் பொட்டு தேயாமல் இருக்கிறதா? புளியும் பாலிஷும் வேண்டாம் என்றது இதனால்தான். ஒரு தடவை தேய்த்தால் பளபளப்பு வரும், எழுத்து போகும். பளபளப்பை யார் வேண்டுமானாலும் பிறகு கொண்டுவரலாம், போன எழுத்து வராது. 1920களுக்குப் பின் வந்த வண்ணப் பேனாக்கள் பல செல்லுலாய்டால் ஆனவை. அவற்றில் ஸ்பிரிட் பட்டால் கரையும், தீ பட்டால் சட்டென்று எரியும். உங்கள் பெட்டியில் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றாலும் விளக்குப் பக்கத்தில் பேனாக்களை வைக்க வேண்டாம்.

வாட்டர்மேன் மூடியில் தாத்தாவின் பெயரெழுத்து வெட்டியிருக்கிறது என்கிறீர்கள். சேகரிப்பாளர் பலர் அதைக் குறையாகப் பார்த்து விலையைக் குறைப்பார்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கு அது தாத்தாவுடைய பேனா என்பதற்கு நேரடி ஆதாரம். அதை அழித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

எழுத்தாணிகளும் சுவடியும்

இனிச் சொல்வதுதான் உங்களை உண்மையான சிக்கலில் மாட்டிவிடக்கூடியது. கவனமாகப் படியுங்கள்.

தலைப்பக்கம் உருண்டு கனமாக இருப்பது குண்டெழுத்தாணி. கத்தியோடு சேர்ந்து மடங்குவது மடக்கெழுத்தாணி. ஒரு முனையில் எழுத, மறுமுனையில் ஓலையை நறுக்க என்று நீளமாக இருப்பது வாரெழுத்தாணி, அது உங்களிடம் இல்லை. கணக்குப்பிள்ளை குடும்பத்தில் எழுத்தாணி இருப்பது இயல்பு. இப்போது கைவினைக் கடைகளில் புதிதாகச் செய்தும் விற்கிறார்கள், ஆனால் பிடிக்கும் இடத்தில் மட்டும் விரல் பட்டு மழுங்கியிருப்பது, கீல் தேய்ந்து ஆடுவது எல்லாம் உங்களுடையது வேலை செய்த கருவி என்று காட்டுகின்றன. துருவைச் சுரண்டாமல், உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து மட்டும் வையுங்கள்.

மடக்கெழுத்தாணியின் வெள்ளைப் பிடிதான் எனக்குக் கவலை தருகிறது. அது எலும்பாகவும் இருக்கலாம், தந்தமாகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடியில் பாருங்கள். சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் கோடுகளும் சிதறியிருந்தால் எலும்பு. வெட்டுமுகத்தில் மெல்லிய வளைகோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வலை போலத் தெரிந்தால் யானைத் தந்தம். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், தழும்பு நிற்கும்.

தந்தம் என்றால், 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. தந்த வணிகம் இந்தியாவில் முழுக்கத் தடை செய்யப்பட்டது. எவ்வளவு பழையது என்பது விற்பதற்குச் சலுகை தராது. விற்றால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை என்கிற அளவுக்குக் கடுமையான குற்றம். வாரிசு முறையில் வந்து சேர்வதைச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் 90 நாள்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கோ அவர் அதிகாரம் தந்த அலுவலருக்கோ எழுத்தில் அறிவிக்க வேண்டும். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. பெட்டி இப்போதுதான் திறக்கப்பட்டது என்பதை விளக்கி, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் மூலம் அறிவிப்பைத் தாமதமாகவாவது கொடுப்பதுதான் பாதுகாப்பான வழி. ஒளித்து வைப்பதோ, கைமாற்றிவிடுவதோ நிலைமையை மோசமாக்கும். அதுவரை அந்த ஒரு பொருளைப் பற்றி வியாபாரிகளிடம் பேசவே வேண்டாம்.

சிங்கப்பூர் யோசனையை இன்றே நிறுத்துங்கள். 1972-ம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் 1976-ல் நடைமுறைக்கு வந்தது. 100 ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளும், அறிவியல், வரலாற்று, இலக்கிய, கலை மதிப்புள்ள 75 ஆண்டுக்குக் குறையாத சுவடியும் ஆவணமும் தொல்பொருள் ஆகும். தொல்பொருளைத் தனி நபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. மத்திய அரசோ அது அதிகாரம் தந்த அமைப்போ மட்டும்தான் அனுப்பலாம். மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை, அபராதம் தனி. படிக்கவோ பிழைக்கவோ போன பையன், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டும்போது 'தாத்தாவுடையது' என்று சொல்வது காப்பாற்றாது. வாட்டர்மேன் பேனாவும் நூறாண்டைத் தொடும் வயதில் இருப்பதால் அதையும் அனுப்ப வேண்டாம். பொருள் தொல்பொருள் அல்ல என்று தோன்றினால், இந்தியத் தொல்லியல் துறையின் நிபுணர்களிடம் காட்டி அதற்கான சான்று வாங்கிய பிறகுதான் வெளியே கொண்டுபோவது பற்றி யோசிக்க வேண்டும்.

ஆனால் வீட்டில் வைத்திருப்பது குற்றம் இல்லை. உங்கள் பயம் இந்த இடத்தில் தேவையற்றது. சிற்பம், ஓவியம், படமெழுதிய சுவடி என்று அரசு அறிவித்த சில வகைகளை மட்டும் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். உங்கள் சுவடியில் படம் ஏதாவது வரைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கட்டைப் பிரிக்காதீர்கள், காய்ந்த ஓலை முறிந்துவிடும். ஒரு தொல்பொருளைப் பொதுவில் பாதுகாக்க வேண்டும் என்று மத்திய அரசு முடிவு செய்து எடுத்துக்கொண்டால்கூட இழப்பீடு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். சும்மா வந்து அள்ளிக்கொண்டு போவதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

சுவடியை விலை பேசும் பொருளாகவே நினைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நிலக் கணக்காக இருக்கலாம், வைத்தியமாக இருக்கலாம், எங்கும் அச்சேறாத ஒரு பாடலாகவும் இருக்கலாம். படித்துப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. உங்களுக்குப் பக்கத்திலேயே தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். எழுதிக் கேட்டு, நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி ஓலைக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள், வீட்டில் நீங்களாகத் தடவ வேண்டாம். கொடுப்பதாக இருந்தாலும், படியெடுக்க மட்டும் விடுவதாக இருந்தாலும், நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

15,000 ரூபாய் வியாபாரி

அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டியோடு எல்லாவற்றுக்கும் என்று மொத்தமாகக் கேட்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஆனால் மொத்தமாகக் கொடுத்தால், பங்கு சிக்கலுள்ள பொருள், விற்கக் கூடாத பொருள், விற்கத் தடையில்லாத பொருள் எல்லாம் ஒரே கையில் போய்விடும். அப்புறம் கேள்வி வந்தால் உங்களைத்தான் கேட்பார்கள். தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்ய அந்தச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதில் வருகிற விதத்திலேயே நிறையத் தெரிந்துவிடும். மதிப்பீடு செய்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மதிப்பு சொல்பவருக்குக் கட்டணம் கொடுங்கள், எழுத்தில் வாங்குங்கள், அவரிடம் விற்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, அண்ணன், அத்தை, நீங்கள் நால்வரும் உட்காருங்கள். ஒவ்வொரு பொருளையும் வெள்ளைத்துணி மேல் வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலோடு, எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். வெட்டிய எழுத்துகளைத் தனியாகக் கிட்டத்தில் எடுங்கள். ஒரு நோட்டில் எண் போட்டு, என்ன பொருள், என்ன எழுத்து, யாருடையது, யார் சொன்னது என்று எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். அத்தைக்கு ஞாபகம் உள்ளதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், செல்போனில் பதிவும் செய்யலாம். அந்த நோட்டு பாகப்பிரிவினைக்கு ஆவணம். நாளை யாரிடமாவது விற்றாலும், வாங்குகிறவர் பேனாவோடு சேர்த்து விலை கொடுக்கிற சரித்திரமும் அதுதான்.

பிறகு, எதை யார் வைத்துக்கொள்வது என்று பேசுங்கள். பார்க்கரை நீங்கள் விரும்புகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிடுங்கள். நீங்கள் வாயைத் திறக்காததால்தான் அண்ணன் அதை எடைக்குப் போட நினைக்கிறார், உங்கள் விருப்பம் அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். அதன் விலையை மதிப்பிட்டு உங்கள் பங்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது மற்றவர்கள் எழுதிக் கொடுத்து விட்டுவிடலாம். இரண்டில் எதுவானாலும் ஒரு சின்ன ஒப்பந்தம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த பார்க்கரில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம். 51 எழுதுவதற்கென்றே செய்த பேனா, உள்ளே மை தாங்கும் குழாயும் இந்த வகையில் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். நிப்புப் பக்கத்தை மட்டும் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு நிற்க வைத்து, பட்டையை அழுத்தி அழுத்திப் பழைய மையை வெளியேற்றுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு மைப் பேனாவுக்கென்று விற்கும் சாதாரண நீல மை போதும். படம் வரையும் இந்தியன் மை ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். வாட்டர்மேனை மட்டும் அப்படித் தண்ணீரில் வைக்காதீர்கள், நெம்புகோலையும் தூக்காதீர்கள். உள்ளே உள்ள ரப்பர் பை இத்தனை வருடத்தில் கல்லாகியிருக்கும், அதை மாற்றத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். மடக்கெழுத்தாணிப் பிடியைப் பூதக்கண்ணாடி வழியாகத் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அறிவிப்பு மனு எப்படி எழுத வேண்டும் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.